கறண்ட் உள்ளே போகும் ஓட்டை

வீட்டில் சொந்தமாகச் செய்த ஒரு பெட்டி நல்லதா கூடாததா என்று சொல்ல எலெக்ட்ரோனிக்ஸ் படித்திருக்கத் தேவையில்லை. அது அம்ப்ளிபயராக இருக்கலாம், ரூட்டருக்கு வைக்கிற பற்றரிப் பெட்டியாக இருக்கலாம், மேடை லைற்றுக்கான டிமராக இருக்கலாம். பெட்டியைத் திருப்பி, கறண்ட் வயர் உள்ளே போகிற இடத்தைப் பாருங்கோ. செய்த ஆள் எதைப் பெரிசா நினைச்சார், எதைக் கணக்கெடுக்கேல்ல எண்டது அந்த ஒரு ஓட்டையில தெரிஞ்சிடும்.

பெரும்பாலும் அங்கே இருப்பது, சூடான சோல்டரிங் அயனால் உருக்கி எடுத்த, ஓரம் கறுத்த ஒரு துளை. அதுக்குள்ளால ஒரு வயர். வயர் இழுபடாமல் இருக்க உள்ளே ஒரு முடிச்சு. மனம் ஒப்பாத ஆளெண்டா மேலால கொஞ்சம் குளூ கன் பசை. முன்பக்கத்திலயோ நீல எல்.ஈ.டி., டிஜிற்றல் வோல்ற் மீற்றர், மினுங்கிற குமிழ்கள் எல்லாம் வரிசையா இருக்கும்.

எங்கட செய்து பார்க்கிற கலாசாரம் சேர்க்கிற்றைக் கொண்டாடுகிறது, பெட்டியைக் கணக்கெடுப்பதில்லை. யூரியூப் வீடியோக்களிலும் அப்படித்தான். பதினைந்து நிமிட வீடியோவில் பதினான்கு நிமிடம் போர்டுக்குப் போகும். "இப்ப இதை ஒரு பெட்டிக்குள்ள போட்டிருக்கிறன்" என்று ஒரு வசனத்தோட மிச்சம் முடிஞ்சிடும். ஆனால் அந்தப் பெட்டியைப் பாவிக்கப் போகிற அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரும் போர்டைத் தொடுவதில்லை. அவர்கள் தொடுவது பெட்டியை. 230 வோல்ற்றுக்கும் அவர்களின் கைக்கும் இடையில் நிற்பது அந்தச் சுவரும், அதில் வெட்டின ஓட்டையும்தான்.

"கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதில என்ன வேலை?" என்று ஒருவர் கேட்கலாம். நாடகம் போடுகிறவர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கோ. எங்கட ஒத்திகை ஒன்றுக்கு வாடகைக்கு வந்த லைற் பெட்டி தகரத்தால் செய்தது. வெறுங்காலோட நிண்டு தொட்டால் விரலில் கிர்ரெண்டு ஒரு உணர்வு. "அது அப்பிடித்தான், செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்கோ" என்று கொண்டு வந்தவர் சொன்னார். கூத்து ஆடுகிறவர்கள் செருப்புப் போடுவதில்லை. அந்தப் பெட்டியின் பின்பக்கத்திலும் அதே ஓட்டை, அதே முடிச்சு. இரண்டு கம்பிதான் உள்ளே போனது. மூன்றாவது கம்பி, பச்சைக் கம்பி, பிளக்குக்குள்ளேயே வெட்டி விடப்பட்டிருந்தது.

இல்லாத காலத்துத் திறமை

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "நாங்கள் தடைக்காலத்திலயே சமாளிச்ச சனம்." உண்மைதான். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடை, எரிபொருள் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள். அந்தத் தலைமுறையின் மூளையை நான் குறைத்துப் பேச வரவில்லை. பெருமையாகத்தான் கேட்டு வளர்ந்தோம்.

ஆனால் அந்தக் கதையை நாங்கள் பிழையாகப் பாவிக்கிறோம். டைனமோவில் வருவது 6 வோல்ற் அளவு. அதில் பிழை விட்டால் றேடியோ பாடாது, அவ்வளவுதான். சுவர்ச் சொக்கற்றில் பிழை விட்டால் ஆள் போகும். அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கு. அவர்களுக்குச் சாமான் கிடைக்கவில்லை, அதனால் முடிச்சுப் போட்டார்கள். எங்களுக்குச் சாமான் கிடைக்கிறது. பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளை ஒன்றைக் கழற்றினால் தரமான இன்லெற் ஒன்று சும்மாவே வரும். ஆனாலும் நாங்கள் முடிச்சுத்தான் போடுகிறோம். இல்லாமையில் பிறந்த திறமையைச் சோம்பலுக்குச் சாட்டாகச் சொல்லுறது அந்தத் தலைமுறைக்குச் செய்யிற மரியாதை இல்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் போன நேரத்தில் இந்த வேலை வீடு வீடாகப் பரவியது. ஒன்லைன் வகுப்பு, சோதனை, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் கோல் எல்லாம் ரூட்டரில் தங்கி இருந்தது. பழைய லப்ரொப் பற்றரிகளைப் பிரித்து 18650 செல்களை எடுத்து, மூன்றைத் தொடராக இணைத்து, சாப்பாட்டுப் பெட்டி, ஐஸ்கிறீம் டப்பா, பிஸ்கட் ரின் எதிலாவது போட்டு 12 வோல்ற் ரூட்டர்களை ஓடவிட்டார்கள். அந்தப் பெட்டிகள் கனக்க இன்னும் அலுமாரிக்கு மேல இருக்கு. நெருக்கடி போய்விட்டது. நெருக்கடிக்காக வெட்டின ஓட்டைகள் போகவில்லை.

அந்த ஓட்டை என்ன வேலை செய்கிறது?

ஓ.எல். விஞ்ஞானத்தில் நாங்கள் எல்லாரும் படித்ததுதான்: உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, புவிக்கம்பி. சோதனைக்கு நிறம் பாடமாக்கினோம். பழைய வீட்டு வயறிங்கில் சிவப்பு, கறுப்பு, பச்சை. இப்ப வருகிற வயர்களில் கபிலம், நீலம், பச்சை-மஞ்சள். புவிக்கம்பி ஏன் என்று கேட்டால் "பாதுகாப்புக்கு" என்று எழுதி ஒரு புள்ளி எடுத்தோம்.

விசயம் இதுதான். உலோகப் பெட்டிக்குள்ளே உயிர்க்கம்பி கழன்று சுவரில் பட்டால், ஏர்த் ஒழுங்காக இருந்தால் கறண்ட் உடனே அந்த வழியால் பாயும், பியூஸ் போகும் அல்லது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் விழும். பெட்டியை ஒருவரும் தொட முதலே பிழை வெளியில் வந்துவிடும். ஏர்த் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. பெட்டி சும்மா இருக்கும், எல்.ஈ.டி.யும் எரியும். யாராவது தொடும் வரைக்கும் அது காத்துக்கொண்டிருக்கும். பிறகு கறண்ட் நிலத்துக்குப் போகிற வழி அந்த ஆள்தான். ட்ரிப் சுவிச் விழும் என்று நம்புகிறவர்கள், அதை விழுத்தப் போகிறது ஒரு மனித உடம்பு என்பதை யோசிப்பதில்லை.

எங்கட வீடுகளில் ஏர்த் மீதான மரியாதை எவ்வளவு என்பதற்கு ஒரு சாட்சி போதும். 13 அம்பியர் சொக்கற்றில் இரண்டு முள்ளுப் பிளக்கைப் போட, மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்திக் கதவைத் திறக்கிற பழக்கம். அந்த மேல் ஓட்டைதான் ஏர்த். அதை நாங்கள் ஒரு பூட்டாகத்தான் பார்க்கிறோம், கள்ளத் திறப்புப் போட்டுத் திறக்கிறோம்.

துளை வயரையும் கவனிக்க வேண்டும். தகரத்தில் ட்ரில் போட்டால் மறுபக்கம் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு கத்தி மாதிரி. வயர் ஒவ்வொரு முறை இழுபடும்போதும் அது காவலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். முடிச்சு வயரை நிறுத்தும், அரிப்பை நிறுத்தாது. முடிச்சில் வளைகிற செம்பு நாளடைவில் முறியும். நேரடியாக வயர் விடத்தான் வேணுமெண்டா ஓரத்தை அரத்தால் மழித்து, ரப்பர் கிறொமற் போட்டு, உள்ளே வயரை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று வைக்க வேணும். அதைவிட நல்ல வழி வயரைப் பெட்டியிலிருந்து பிரித்துவிடுவது. அதற்குத்தான் இன்லெற்.

27க்கு 20

கொம்பியூட்டர் பவர் வயர் போய்ப் பொருந்துகிற அந்த மூன்று முள்ளு இன்லெற்றுக்குப் பெயர் சி14. ஐ.ஈ.சி. 60320 என்ற சர்வதேசத் தரத்தில் வருவது. 250 வோல்ற், 10 அம்பியர் வரைக்கும். இரண்டு மூலைகள் சரிவாக வெட்டியிருப்பதால் தலைகீழாகச் செருகேலாது. ஏர்த் முள்ளு மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளம். செருகும்போது முதலில் தொடுவதும், கழற்றும்போது கடைசியாக விடுவதும் ஏர்த். இதை வடிவமைத்தவர்கள் எங்கட அவசரத்தையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

திருகாணியால் பூட்டுகிற வகைக்கு வெட்ட வேண்டிய ஓட்டை ஏறத்தாழ 27 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம். இரண்டு பக்கத் திருகுத் துளைகளும் மையத்துக்கு மையம் 40 மி.மீ. ஆனால் இந்த எண்களைப் பாடமாக்காதேங்கோ. கையில் இருக்கிற இன்லெற்றை அளந்து வெட்டுங்கோ. ஆளியும் பியூஸும் சேர்ந்து வருகிற வகை இதைவிட உயரம். அழுத்திப் பூட்டுகிற வகைக்குப் பலகையின் தடிப்பும் பொருந்த வேணும், இல்லாட்டி வயரை இழுக்க இன்லெற்றும் சேர்ந்து கையோட வரும்.

வட்டத் துளை போடுவது லேசு. நீள்சதுரம்தான் ஆட்களை சோல்டரிங் அயனிடம் அனுப்புகிறது. ஆனால் இதற்கு விலையான மெசின் ஒன்றும் தேவையில்லை. போர்டு உள்ளே இருந்தால் முதலில் கழற்றி வெளியே எடுங்கோ. ஒரு சின்ன உலோகத் தூள் போதும் அதைச் சோட் ஆக்க. பெட்டியில் மாஸ்கிங் ரேப் ஒட்டி அதில் கோடு கீறுங்கோ. துளையின் ஓரம் கோட்டைத் தொடாமல் உள்ளே நிற்கிற மாதிரி, 3 மி.மீ. துளைகளை நெருக்கமாக வரிசையாகப் போடுங்கோ. ஒவ்வொரு துளைக்கும் முதல் ஆணியால் ஒரு சின்னக் குழி தட்டினால் ட்ரில் வழுக்காது. பின்னால் ஒரு மரத்துண்டு வைத்துக் கிளாம்ப் போடுங்கோ. தகரத்தைக் கையால் பிடிக்காதேங்கோ, ட்ரில் கடித்தால் தகரம் சுழன்று கையை வெட்டும். கண்ணாடி போடுங்கோ. துளைகளுக்கு இடையில் இருக்கிறதை வெட்டித் தள்ளினால் பல்லுப் பல்லாக ஒரு சன்னல் வரும். மிச்சம் அரத்தின் வேலை. கோடு வரைக்கும் அராவி, இடைக்கிடை இன்லெற்றை வைத்துப் பார்த்து, திரும்ப அராவ வேணும். ஒரு பின்னேரம் போகும். போகட்டும்.

பிளாஸ்ரிக்கில் வேறு கதை. வேகமாக ட்ரில் போட்டால் உருகி ஒட்டும், அதனால் மெதுவாகப் போட வேணும். சோல்டரிங் அயனால் உருக்கினால் ஓரம் தடித்து இன்லெற் சரியாகப் படியாது, அந்தப் புகையும் சுவாசிக்கிற சாமான் இல்லை. ஸ்பீக்கர்ப் பெட்டி மாதிரித் தடித்த மரம் என்றால் இன்லெற் நேரே பூட்டுப்படாது. மரத்தில் பெரிய ஓட்டை வெட்டி, அதன் மேல் ஒரு அலுமினியத் தகடு வைத்து, தகட்டில்தான் இன்லெற்றைப் பூட்ட வேணும். அந்தத் தகட்டுக்கும் ஏர்த் வேணும்.

ஏர்த் கம்பியை உலோகப் பெட்டியில் பூட்டும் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டுங்கோ. பெயின்ற்றும் ஒரு காவலி. வளைய முனை, பல்லு வாசர், அதற்கென்றே ஒரு தனி ஆணி. போர்டைத் தாங்குகிற ஆணியிலேயே ஏர்த்தையும் பூட்டினால், நாளைக்கு யாரோ போர்டைக் கழற்றும்போது ஏர்த்தும் சேர்ந்து கழரும், திரும்பப் பூட்டுப்படாது. ஆளியும் பியூஸும் உயிர்க்கம்பியில் வர வேணும். நொதுமலில் ஆளி போட்டால் லைற் அணையும், ஆனால் உள்ளே உயிர் இருக்கும்.

வட்ட ஓட்டைக்காரருக்கு

என்ர முதல் ஆலோசனை உண்மையில் இவ்வளவும் செய்யாதேங்கோ என்பதுதான். 230 வோல்ற்றைப் பெட்டிக்குள்ளே கொண்டு வராமல் விடக்கூடிய இடத்தில் விட்டுவிடுங்கோ. கடையில் வாங்கின மூடின அடப்டர் வெளியே இருக்கட்டும், பெட்டிக்குள்ளே 9 அல்லது 12 வோல்ற் மட்டும் வரட்டும். அதற்கு டி.சி. ஜக் ஒன்றும் ஒரு வட்டத் துளையும் போதும். ஜக்கின் வகையைப் பொறுத்து 8 மி.மீ.யிலிருந்து 12 மி.மீ. வரைக்கும் வரும், படிப்படியாகப் பெருக்கிற ஸ்ரெப் ட்ரில் முனை ஒன்றால் முடிந்துவிடும்.

ஆனால் குறைந்த வோல்ற் என்றால் கவலையில்லை என்று அர்த்தமில்லை. வெளிவிட்டம் 5.5 மி.மீ. உள்ள பிளக்கில் உள்முள்ளு 2.1, 2.5 என்று இரண்டு அளவு. பார்க்க ஒரே மாதிரி. பிழையானதைப் போட்டால் ஒன்றில் போகாது, இல்லாட்டி ஆடிக்கொண்டு விட்டு விட்டு வேலை செய்யும். ரூட்டர் அடப்டர்களில் பெரும்பாலும் நடு முள்ளு நேர். கிற்றார் பெடல்களிலோ வழக்கம் எதிர்மாறு, நடு முள்ளு மறை, வெளிக்கூடு நேர். உலோக ஜக்கை உலோகப் பெட்டியில் பூட்டினால் அந்த வெளிக்கூடு பெட்டிச் சுவரோடு சேரும். ஓடியோ ஜக்கின் மறையும் அதே சுவரில்தான் இருக்கிறது. பிளக்கைச் செருகின உடனே சோட். பெடல்களில் பிளாஸ்ரிக் உடம்புள்ள ஜக் போடுவது இதற்குத்தான், விலை குறைவு என்பதற்காக இல்லை.

லிதியம் பற்றரிப் பெட்டியில் இது இன்னும் பெரிய விசயம். ஒரு 18650 செல் சோட் ஆனால் பத்துக்கணக்கான அம்பியர் பாயக்கூடியது. பிஸ்கட் ரின்னின் பிசிறுள்ள ஓட்டைக்குள்ளால் பற்றரி வயர் போகிறது என்றால், அது நெருப்புக்குப் போட்ட வழி. பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ், ஓட்டையில் ஒரு ஜக், வயருக்கு ஹீற் ஷ்ரிங்க். மூன்றும் சேர்ந்தாலும் பெரிய செலவு இல்லை.

யார் கையில் அரம்?

சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். "இவ்வளவு பார்த்தா ஒருவரும் ஒண்டும் செய்ய மாட்டினம்" என்பார்கள். நான் நம்பவில்லை. சேர்க்கிற் கீறப் பழகின பெடியளுக்கு அரம் பிடிக்கப் பழகுவது கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கட மனதில் சேர்க்கிற் மூளை வேலை, அரம் கை வேலை. மூளை வேலைக்குப் பட்டம் உண்டு, கை வேலைக்குக் கூலி உண்டு, இரண்டும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவதில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்த பிறகும் "விஞ்ஞானம் கிடைக்காட்டிப் போறது" என்றுதான் வீடுகளில் கதைக்கிறார்கள். ஒரு ஓட்டையை ஒழுங்காக வெட்டத் தெரியாதது எங்கட பெருமையின் பக்கவிளைவு. நூறு வருசமாக ஒட்டு வேலை, பத்தல் வேலை, கொல்லன் வேலை என்று பெயர் வைத்துச் சாதியோடு சேர்த்துத் தள்ளி வைத்ததை இன்றைக்குப் பெட்டியின் பின்பக்கத்தில் பார்க்கிறோம்.

பெண் பிள்ளைகள் விசயம் இன்னும் ஒரு படி மேலே. சோல்டரிங் செய்ய விடுவார்கள், "நுணுக்கமான வேலை, உங்களுக்குச் சரி" என்று. ட்ரில்லைத் தொட்டவுடன் "விடுங்கோ தங்கச்சி, நாங்கள் போடுறம்" என்று ஒரு அண்ணை ஓடி வருவார். அந்த அண்ணைதான் சோல்டரிங் அயனால் ஓட்டை உருக்குகிறவர்.

"காசில்லை" என்பது நேர்மையான மறுப்பு, அதற்கு மதிப்புக் கொடுக்க வேணும். ட்ரில், கிளாம்ப், நல்ல அரம் ஒரு பிள்ளைக்குத் தனியாக வாங்கக் கூடிய சாமான் இல்லை. ஆனால் தனித்தனியாக வாங்கவும் தேவையில்லை. ஒரு சனசமூக நிலையத்தில் ஒரு ட்ரில், ஒரு கிளாம்ப், நாலு அரம் இருந்தால் ஒரு ஊருக்குக் காணும். பேப்பர் வாசிக்க இடம் வைத்திருக்கிற நாங்கள் ஒரு மேசையையும் ஒதுக்கலாம். பல்கலைக்கழகங்களில் வேர்க்சொப்புகள் பின்னேரம் பூட்டிக் கிடக்கின்றன. நாடகக் குழுக்காரர், இசைக்குழுக்காரர், புகைப்படக் கழகம் எல்லாருக்கும் மாதத்தில் ஒரு நாள் திறந்துவிடச் சொல்லிக் கேட்கலாம். கேட்க வேண்டியது மாணவர் ஒன்றியங்கள்.

அதுக்கிடையில் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கு. உங்கட வீட்டில், குழுவில், கோயில் ஸ்பீக்கர் செற்றில் இருக்கிற வீட்டுச் செய்கைப் பெட்டிகளைப் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கோ. உலோகப் பெட்டிக்கு இரண்டு கம்பிதான் போகுதெண்டால் அதைப் பாவிக்காமல் ஒதுக்கி வையுங்கோ, திருத்தத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ. செய்தவர் உங்கட அண்ணையாக இருந்தாலும் சொல்லுங்கோ. கோவிப்பார். கோவிச்சாலும் பரவாயில்லை, அடுத்த ஓட்டையை அளந்து வெட்டுவார்.